நிழலில் வைத்த குழாய்கள்

என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவேன்: வெயிலை வைத்துக் குட்டைப் பாலிமர் செய்தேன். பெரும்பாலும் அதோடு ஆளை விட்டுவிடுவார்கள். மேற்கொண்டு கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை இருந்ததில்லை. வயது எண்பதை நெருங்குகிறது, இனி பொறுமையை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறேன்? சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். பிள்ளைகளுக்குப் பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை. டாக்டர் பட்டம் வாங்கினால்தான் விரிவுரையாளர் ஆக முடியும் என்று சொல்லியிருந்தார்கள். சென்னையில் ஒரு பேராசிரியரிடம் பகுதி நேரமாகப் பதிந்திருந்தேன். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய் அவரைப் பார்ப்பேன். குடியிருந்தது கணவர் வீட்டில். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை அந்த வீட்டின் பின்கட்டில் இருந்தது. கணவர்தான் நடத்திவந்தார். அவருக்குப் பிறகு மாமியார் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு நடத்தினார்.

அவருக்குப் பிறகு என்று எழுதுவதற்கு எனக்குக் கை கூசுவதில்லை. அப்போதும் கூசவில்லை. மஞ்சள் காமாலை என்று படுத்தார், பதினோராம் நாள் போய்விட்டார். அன்றைக்குக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. போகாமலிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு போனேன். போகாமலிருந்திருக்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. பியூன் வந்து சொல்லி, நான் ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்கு வந்தபோது நடு ரூமில் அவரைக் கிடத்தித் தலைமாட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். மாமியார் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"வேல முடிஞ்சுதாம்மா?"

முடிந்தது என்று சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அரிசி, மண்ணெண்ணெய், தண்ணீர் என்பதோடு சரி. எனக்கு அழுகை வரவில்லை. முதல் நாள் வரவில்லை, பதினாறாம் நாள் வரவில்லை, அப்புறமும் வரவில்லை. தென்னேரியிலிருந்து அண்ணன் வந்து கூப்பிட்டான். "அங்க வந்து இருந்துக்கோ, யாரு என்ன சொல்லப் போறாங்க?" என்றான். இங்கிருந்து கல்லூரிக்குப் பஸ் வசதி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையிலேயே அதுதான் காரணம். வேறு எந்தக் காரணமும் எனக்குள் ஓடவில்லை.

ஆராய்ச்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு வருவது விளங்காது. அக்ரிலமைடு என்று ஒரு வெள்ளைப் பொடி, தண்ணீரில் சர்க்கரை போலக் கரையும். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கும், ஆனால் முதலில் யாராவது கிளப்பிவிட வேண்டும். கிளப்புவதற்கு இயோசின் என்ற சிவப்புச் சாயம் ஒரு துளி, கூடவே அமீன் என்ற இன்னொரு வேதிப்பொருள் கொஞ்சம். வெயில் பட்டதும் சாயம் ஒளியை விழுங்கிக்கொண்டு அமீனிடமிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கும். பறிகொடுத்த இடத்தில் ஒரு எலெக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும். அப்படி நிற்பதற்குப் பெயர் ரேடிகல். அதனால் சும்மா இருக்க முடியாது. பக்கத்து அக்ரிலமைடைப் பிடிக்கும். இப்போது அந்த அக்ரிலமைடின் நுனி ஜோடியில்லாமல் நிற்கும். அது அடுத்ததைப் பிடிக்கும், அது அதற்கடுத்ததை. கண் மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு, விட்டால் சோதனைக் குழாய் முழுக்கக் கூழாகிவிடும்.

எனக்கு அவ்வளவு நீளம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு கண்ணி போதும். அதற்காகத் தயோல் என்ற திரவத்தைச் சேர்ப்பேன். மூக்கைத் துளைக்கும் நாற்றம். வளர்ந்துகொண்டிருக்கும் சங்கிலியின் நுனிக்கு அது தன்னிடமுள்ள ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துப் "போதும்" என்று நிறுத்திவிடும். கொடுத்ததால் தானே ரேடிகலாகி இன்னொரு குட்டைச் சங்கிலியைத் தொடங்கி வைக்கும். தயோல் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சங்கிலியின் நீளம். வெயில் எவ்வளவு என்பதைப் பொறுத்து மொத்தம் கிடைக்கும் சரக்கு. படிக்க எளிதாக இருக்கிறது. இதை நிரூபிக்கத்தான் எனக்கு மூன்று வருஷம் ஆனது.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்றால், பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவுக்குக் கஞ்சி தோய்ப்பார்கள். மழைக்காலத்தில் கஞ்சி புளித்துப் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பதிலாகத் தண்ணீரில் அலசினால் போய்விடுகிற ஒரு குட்டைப் பாலிமர் கிடைக்காதா என்பது பேராசிரியரின் யோசனை. நீளமாக இருந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் குட்டை. லாம்பு வேண்டாம், கரண்டு வேண்டாம், வெயிலே போதும் என்பது அதன் அழகு. எங்கள் ஊரில் கரண்டு இருந்த லட்சணத்துக்கு அது அழகு மட்டுமில்லை, அவசியம்.

தறி செய்யும் ஆசாரியிடம் சொல்லி எட்டுக் குழாய் நிற்கும் ஒரு மரக் கூண்டு செய்து வாங்கினேன். காலையில் கரைசலைக் கலந்து, நைட்ரஜன் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி, ரப்பர் அடைப்பான் போட்டு மெழுகால் மூடுவேன். எட்டு மணிக்கு மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் கூண்டை வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போவேன். மாலை நாலரைக்கு வந்து எடுப்பேன். குழாயில் உள்ளதை மெத்தனாலில் ஊற்றினால் பாலிமர் வெள்ளையாகத் திரண்டு வரும். வடிகட்டி, உலர்த்தி, எடை பார்ப்பேன். பிறகு கொஞ்சத்தைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய கண்ணாடிக் குழல் ஒன்றில் விட்டு, ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பேன். சங்கிலி நீளமானால் மெதுவாக இறங்கும், குட்டையானால் விறுவிறுவென்று இறங்கும். இதையே வேலை நாள் தவறாமல் செய்தேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூண்டுக்கு ஓய்வு. நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒன்றும் தோன்றாமல் இருந்தது, அது எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த நாட்களில் என் விரல் நுனிகளில் தோல் உரிந்து உணர்ச்சி குறைந்திருந்தது. கொதிக்கும் சோற்றுப் பானையைத் துணியில்லாமல் இறக்குவேன். துக்கத்தில் உடம்பு இப்படி ஆகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது அக்ரிலமைடு செய்கிற வேலை என்று பேராசிரியர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. "கையுறை போடாம தொட்டியா? படிச்சவதானே நீ?" என்று கத்தினார். கையுறை போட்டேன். சில மாதங்களில் விரல் சரியாகிவிட்டது. விரல் மட்டும்.

இரண்டு வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் ஆயின. எல்லாவற்றிலும் ஒரே விசித்திரம். சங்கிலி நீளம் எதிர்பார்த்தபடி, தயோல் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் சரக்கு குறைவு. அந்த வெயிலுக்குக் கிடைக்க வேண்டியதில் பாதியை ஒட்டியே கிடைத்தது. ஒருநாள் குறைந்து ஒருநாள் கூடினால் கைப்பிழை என்று விட்டுவிடலாம். இது மாறவே இல்லை. பேராசிரியர் யோசித்து ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். இயோசின் வெயிலில் வெளுக்கிறதல்லவா, வெளுத்த பிறகு அதிலிருந்து உண்டாகிற ஏதோ ஒரு பொருள் ரேடிகல்களை அணைத்துவிடுகிறது. புது விஷயம். அதை நடுநாயகமாக வைத்துத்தான் என் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதப்பட்டது. ஐந்து அத்தியாயம் டைப் ஆகிவிட்டது. பதிவுக் காலம் முடிய இரண்டு மாதம்கூட இல்லை. அதற்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து, பட்டம் கிடையாது, பிப்பெட்டே கதி.

"சமர்ப்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு செட் மணிக்கு மணி எடுத்துப் பாத்துடும்மா. நீ கூடவே இருந்து செய்யணும். எந்த மணியில சாயம் விஷமாகுதுன்னு தெரிஞ்சுடும், படம் போட்டுடலாம்" என்றார் பேராசிரியர்.

ஞாயிற்றுக்கிழமை செய்தேன். ஒன்பது மணியிலிருந்து மாடியிலேயே உட்கார்ந்துகொண்டு, மணிக்கு ஒரு குழாயாக எடுத்தேன். சரக்கு ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. எந்த விஷமும் எந்த மணியிலும் அதை நிறுத்தவில்லை. கடைசிக் குழாயில் கிடைக்க வேண்டியதெல்லாம் கிடைத்திருந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை அதே பாட்டிலில் இருந்து அதே அளவு எடுத்துக் கலந்து வைத்துவிட்டுப் போனேன். பழையபடி பாதி.

பேராசிரியர் இரண்டு தாள்களையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சூரியனுக்கு லீவு நாள் தெரியுமாம்மா?"

நான் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா ஒண்ணு. நம்ம விஷப் பொருள் செத்துப் போச்சு. அஞ்சு அத்தியாயமும் அதோட போச்சு. என்ன தப்புன்னு கண்டுபிடி. இல்லேன்னா நான் இத அனுப்ப முடியாது."

தண்ணீரை மாற்றினேன். கண்ணாடியை மாற்றினேன். அமீன் பாட்டில் கெட்டுவிட்டதோ என்று புதிது வாங்கினேன். மெழுகில் விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்று வாரம் போனது. பயமாக இருந்ததா என்றால், இல்லை. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

நாலாவது வாரம் ஒருநாள் மாணவர்கள் ஸ்ட்ரைக் செய்து, பதினொன்றரைக்கெல்லாம் கல்லூரியைச் சாத்திவிட்டார்கள். பஸ் கிடைத்து வீடு வந்து சேர ஒரு மணி ஆகிவிட்டது. நேராக மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரில் கூண்டு இல்லை. சுவர் வெறுமனே கொதித்துக்கொண்டிருந்தது. விழுந்துவிட்டதோ என்று தெருப்பக்கம் எட்டிப் பார்த்தேன். பிறகுதான் தகரக் கொட்டகைப் பக்கம் திரும்பினேன். சாயம் ஏற்றிய பட்டு நூலை அங்கே மூங்கிலில் கோத்து நிழலில் உலர்த்துவார்கள். அரக்கும் மாம்பழ மஞ்சளுமாகத் தொங்கிய நூலுக்குக் கீழே, தரையில், ஈரத் துண்டு போர்த்தியபடி என் கூண்டு இருந்தது. மாடிப்படி ரூமின் சுவரை ஒட்டிய நிழலில் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"கூண்ட யாரு எடுத்தது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? கலரு வெளுத்துக்கினு போவுது. பாத்துக்கினு சும்மா இருக்கச் சொல்றியா? சாயம் வச்சத உச்சி வெயில்ல போட்டு வேடிக்க பாக்கறவங்க இந்த ஊர்ல யாருனா இருக்காங்களா?"

"எத்தன நாளா எடுத்து வைக்கிறீங்க?"

"நீ கொண்டாந்து வச்ச நாளா."

"தினமுமா?"

"நீ வீட்ல இருந்தா நீயே மேல உக்காந்துக்கினு இருப்ப, நான் வர்றதில்ல. மத்த நாளெல்லாம் எடுத்து வப்பேன். சாயந்தரம் திரும்ப சுவத்து மேல வச்சிடுவேன். நீ வந்து தேடுவியே."

இரண்டு வருஷம். ஆயிரத்துச் சொச்சம் குழாய். உச்சி வெயில் அடிக்கும் நேரமெல்லாம் அவை ஈரத் துண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. இருட்டில் வைத்தால் ரேடிகல்கள் சில நொடிகளில் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு அடங்கிவிடும், பிறகு வெளிச்சம் பட்டால்தான் புதிதாகப் பிறக்கும். ஒரு விஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பேராசிரியரும் நானும் என் மாமியாரின் ஈரத் துண்டுக்கு விஞ்ஞான விளக்கம் எழுதியிருக்கிறோம்.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். நானே பழைய ஆளாக இருந்தால் தெருவைக் கூட்டியிருப்பேன். கோபம் வருமா என்று கொஞ்சம் காத்துப் பார்த்தேன். வரவில்லை. அவர் செய்ததில் தப்பும் தெரியவில்லை. சாயக்காரர் வீட்டில் பிறந்து சாயக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர், சிவப்பு கண்ணெதிரே வெளுப்பதைப் பார்த்தால் கை தானாக எடுத்து நிழலில் வைத்துவிடும். என்னிடம் சொல்லியிருக்கலாம்தான். நாங்கள் பேசிக்கொள்கிறவர்களா என்ன?

ஆனால் ஒன்று தோன்றியது. எத்தனை மணிக்கு நிழலுக்குப் போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று தெரிந்தால், வெயிலில் நின்ற நேரத்தை மட்டும் கணக்கிட்டு எல்லாக் குழாய்களையும் பிழைக்க வைத்துவிடலாம்.

"எத்தன மணிக்கு எடுத்து வப்பீங்க?"

"பன்னெண்டரைக்கு."

"சுமாரா சொல்றீங்களா?"

"சுமாரு என்ன சுமாரு? பன்னெண்டரைன்னா பன்னெண்டரை. ஒரு நாளும் தப்பினதில்ல."

"திரும்ப வைக்கிறது?"

"இந்த ரூமு நெழலு தண்ணித் தொட்டியத் தொட்டதும்."

அந்த நிழல் தொட்டியைத் தொடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் சூரியன் போகும் வழி தெரிந்தால் எந்த நாளுக்கும் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு வாரம் உட்கார்ந்து போட்டேன். குழாய்கள் எல்லாம் கோட்டில் வந்து நின்றன. பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு வருஷமா உங்க மாமியார்தாம்மா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆறு குழாயை வேண்டுமென்றே பன்னிரண்டரைக்கு நிழலில் வைத்துப் பார்க்கச் சொன்னார். செய்தேன். பழைய எண்களோடு பொருந்தின. விஷப் பொருளைக் கட்டுரையிலிருந்து எடுத்தோம். வெயில் குறைந்தால் சரக்கு குறையும், நீளம் மாறாது என்ற சாதாரண உண்மை மட்டும் மிஞ்சியது. அட்டவணைகளில் மூன்று பத்திகள் சேர்த்து மறுபடி டைப் செய்யக் கொடுத்தேன்: வெயிலில் வைத்த நேரம், நிழலுக்குப் போன நேரம், திரும்பிய நேரம். கெடுவுக்கு நாலு நாள் முன்னால் சமர்ப்பித்தேன்.

ஏழு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் மெலிந்த மனிதர், பேனாவைத் திறக்காமலே கையில் வைத்திருந்தார். ரேடிகல், தயோல் எல்லாவற்றையும் இரண்டு நிமிஷத்தில் கடந்துவிட்டு, அட்டவணைகளைப் பிரித்தார். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். எடை மாறுகிறது, வெப்பநிலை மாறுகிறது, காலையில் வைத்த நேரம்கூட ஐந்து பத்து நிமிஷம் மாறுகிறது. நிழலுக்குப் போன நேரம் என்ற இந்த ஒரு பத்தி மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அசையவே இல்லையே, எப்படி? அந்த வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்களா, இயந்திரமா?

"என் மாமியார் செய்தது" என்றேன்.

"இரண்டு வருஷம் ஒரு நாள்கூடத் தவறாமலா?"

"ஆமாம்."

"ஏன் அந்த நேரம்?"

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். வேலை முடிந்த பின்னால் உட்கார்ந்து இட்டு நிரப்பிய எண்கள்தான் இப்படி அசையாமல் நிற்கும், தான் நிறையப் பார்த்திருப்பதாகச் சொன்னார். நாளை பகல்வரை ஊரில் இருப்பார். அந்த நேரத்துக்கு நம்பும்படியான காரணம் எழுத்தில் வந்தால் கையெழுத்து, வராவிட்டால் இல்லை. பேராசிரியர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். திருடி என்று என்னை நேராகச் சொல்லவில்லை, அதைத் தவிர மற்றதெல்லாம் சொல்லியாயிற்று. அப்போதும் எனக்குள் ஒன்றும் நகரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன்.

விளக்கு வைக்கும் நேரம். மாமியார் பட்டறையில் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை சிவப்பு.

"போன காரியம் ஆச்சா?"

"இன்னும் இல்ல. உங்கள ஒண்ணு கேக்கணும். அதுக்குப் பதில் சொன்னாத்தான் ஆவும்."

"கேளு."

"ஏன் அத்த பன்னெண்டரைக்கு மாடிக்குப் போறீங்க?"

கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெஜமாவே தெரியாமதான் கேக்கறியா?"

"தெரியாது."

"அவன் போன நேரம்மா அது."

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார். பேச ஆரம்பித்தார், எனக்காகப் பேசியது போல இல்லை.

"மூச்சு நின்னுது. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. எதிர்ல கெடியாரம் இருந்துது, அதப் பாத்தேன். பன்னெண்டரை. கீழ உக்காந்து அழுதா பட்டறைல வேல கெட்டுப் போவுது, ஆளுங்க சாயத்த விட்டுட்டு வந்து நிக்கறானுங்க. அதான் மேல போவேன். கொஞ்ச நேரம் அழுதுட்டு வருவேன். போனா அங்க உன் சாயம் வெளுத்துக்கினு நிக்கும்."

திதி எனக்குத் தெரியும், வருஷா வருஷம் செய்கிறோம். மணி தெரியாது. யாரும் சொல்லவில்லை என்று சொல்வது பொய். நான் கேட்கவில்லை. ஒரு சொட்டுத் திரவம் குழலில் இறங்குவதை நொடிக் கணக்கில் பார்க்கிறவள், கட்டிய கணவர் எத்தனை மணிக்குச் செத்தார் என்று மூன்று வருஷமாக யாரையும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு காலத்தில் எனக்கு முதலில் வந்து சேர்ந்த உணர்ச்சி அதுதான்.

மறுநாள் காலை சென்னையில் அந்தப் பரிசோதகரிடம் ஒரு தாள் கொடுத்தேன். குழாய்களை நிழலுக்கு மாற்றியவர் தினமும் பகல் பன்னிரண்டரைக்கு மாடிக்குச் செல்லும் வழக்கமுடையவர், அது அவருடைய மகன் இறந்த நேரம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அவர் படித்தார். மகன் என்றால் உங்களுக்கு யார் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மாமியார் நடு ரூமில் தரையில் உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க அத்த."

"அந்த நேரத்த எழுதிக் குடுத்தியா?"

"தாள்லயும் எழுதிக் குடுத்தேன். புஸ்தகத்துலயும் இருக்குது."

"புஸ்தகத்துலயா? எங்க, காட்டு."

பையிலிருந்து கட்டுரையை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். சாயம் நிறுக்கிறவருக்கு எண் தெரியாமல் முடியாது. முதல் அட்டவணையைப் பிரித்து 12.30 என்று டைப் அடித்திருந்த இடத்தைக் காட்டினேன். அவர் அதன் மேல் விரலை வைத்தார். நகக்கண்ணில் சிவப்பு இருந்தது.

"இது அவனுதா?"

"ஆமா."

விரல் ஒரு வரி கீழே இறங்கியது. "இது?"

"அதுவும்தான்."

"இது?"

"அதுவும்."

இப்படியே ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு பக்கத்தின் அடிவரை வந்தார். கடைசி வரிக்கு வருவதற்குள் எனக்கு எண்கள் தெரியவில்லை, தாளே தெரியவில்லை. தாள் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவர் தன் முந்தானையால் தாளைத்தான் முதலில் துடைத்தார்.

"இன்னும் இருக்குதா?"

தலையாட்டினேன்.

"அழுவாத. பக்கத்தத் திருப்பு" என்றார்.

திருப்பினேன்.